சுவருக்கு மட்டும் சொந்தக்காரர்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூசிலாந்தின் தகனினியில் எட்வேட்டின் மூன்று அறை வீட்டில் நான்காவதாக ஓர் அறை வந்து சேர்ந்தது. அதற்குள் மதாம் லுசியென் என்ற பிரெஞ்சுக் கிழவி இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒருநாளும் பாரிஸை விட்டு வெளியேறியதில்லை, அன்றைக்கும் வெளியேறவில்லை. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தால் வெளியே அந்த அறை இல்லை. உடுப்புத் தோய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு மட்டும் புதிதாக இருந்தது, அதைத் திறந்தால் பாரிஸின் நேரமும் பாரிஸின் வெக்கையோ குளிரோ எதுவோ அதுவும் இருந்தது.

காரணம் இராசரத்தினம். எட்வேட்டின் மனைவி புஷ்பமலரின் தமையன், பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் முப்பது வருடமாக இருப்பவர், தனக்குத் தெரியாத சட்டம் பிரான்சில் இல்லை என்ற எண்ணம் உள்ளவர். அவர்தான் இவர்களை வியாஜே முறையில் ஒரு வீடு வாங்க வைத்தார். வயதானவர் வீட்டை விற்பார், சாகும்வரை அதிலேயே இருப்பார், வாங்கினவர் மாதாமாதம் அவருக்குப் பணம் கட்டுவார், அவர் கண்ணை மூடிய அன்று வீடு வாங்கினவர் கைக்கு வரும். முதலில் கொடுக்கிற மொத்தத் தொகைக்குப் பிரெஞ்சுக்காரர் வெட்கமில்லாமல் புக்கே, அதாவது பூங்கொத்து, என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பூங்கொத்துக்காக எட்வேட் தகனினி வீட்டின் மேல் இன்னும் கொஞ்சம் மோட்கேஜ் ஏற்றினார். விமான நிலையச் சரக்குப் பகுதியில் அவருக்கு அப்போது ஓவர்டைம் நிறைய இருந்தது, வட்டியும் காலில் மிதிபடுகிற விலைக்குக் கிடைத்தது.

இரண்டு சொற்களை இராசரத்தினம் வீடியோவில் வந்து விளங்கப்படுத்தினார். மதாமிடம் இருப்பது உசுஃப்ருயி, இருந்து அனுபவிக்கிற உரிமை. இவர்களிடம் இருப்பது நூ புரொப்ரியெத்தே, வெறும் உடைமை. "உங்களுக்கு இப்ப சுவரும் தரையும் கூரையும்தான். பெரிய திருத்த வேலை வந்தா அதுவும் உங்கட தலையிலதான்" என்றார். மாதக் காசு தவறினால் விற்பனை ரத்தாகும், கட்டினது ஒரு சதமும் திரும்பி வராது என்பதையும் சொன்னார், ஆனால் போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்.

அறை அந்தச் சட்டத்துக்கு அப்படியே கட்டுப்பட்டு நடந்தது. முதல் நாள் எட்வேட் மரியாதைக்கு உள்ளே போய் நாற்காலியில் இருக்கப் பார்த்தார், அது அவரைத் தாங்கவில்லை, அதற்கூடாகப் போய் நிலத்தில் விழுந்தார். குழாய் அவருக்குத் தண்ணீர் தரவில்லை, சுவிட்ச் விரலுக்கு அகப்படவில்லை. சுவரைத் தொட்டால் மட்டும் சுவர் இருந்தது. இங்கிருந்து கொண்டுபோன எதுவும் மதாமுக்குப் பயன்படவில்லை. புஷ்பமலர் ஆட்டிறைச்சிக் கறியோடு கொண்டுபோன புட்டுக் கோப்பை மேசைக்கூடாக விழுந்து உடைந்தது. மகள் அஞ்சலினா எட்டிப் பார்த்து, "டாட், டெக்னிக்கலி ஷீ லிவ்ஸ் இன் பாரிஸ்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தேவாலயத்தில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அவர்களுக்கும் ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது.

புஷ்பமலருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. குருநகரில் அவருடைய தாய் சீதனமாக வீட்டை எழுதியபோது சாகும்வரை தான் இருக்கச் சீவிய உருத்து வைத்துத்தான் எழுதினார். உறுதி மகள் பேரில், இருப்பது தாய். அப்படி எழுதினவரைக் கடைசிவரை பார்ப்பது பிள்ளையின் கடமை என்பதை எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை, எழுதத் தேவையும் இல்லை. ஆகவே தினமும் பாபடோயிட்டோயில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போகுமுன் வாசலில் நின்று மதாமுக்குக் காலை வணக்கம் சொன்னார். பாரிஸில் அப்போது முந்திய நாள் இரவு. மதாமும் குறை சொல்லாமல் தலையாட்டுவார். எட்வேட் அந்தக் கணக்கில் பார்க்கவில்லை. அவர் இருமலைக் கேட்டார். மாரி காலத்தில் மதாம் இருமினால் அவர் முகம் தெளிவதைப் புஷ்பமலர் கண்டார், ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொல்லியும் விட்டார்.

"உருத்து வச்சிருக்கிறவவின்ர சாவைப் பாத்துக்கொண்டு இருக்கிறது பாவமப்பா."

"நான் ஒண்டும் செய்யேல்லயே. பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார் எட்வேட்.

2023இல் நிலையான வட்டிக் காலம் முடிந்தது, மோட்கேஜ் தவணை கிட்டத்தட்ட இரட்டித்தது. அடுத்த வருடம் ஓவர்டைம் நின்றது. பாரிஸ் வீட்டு வரியும் உறுதிப்படி சுவர்க்காரர் தலையில் இருந்தது, ஒக்டோபர் தோறும் தவறாமல் வந்தது. இடையில் விற்கலாமா என்று கேட்டதற்கு, கிழவி இருக்கிற வீட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவான் என்று இராசரத்தினம் திருப்பிக் கேட்டார். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாக, பாரிஸ் காசு தவறாமல் போக, தகனினி தவணைகள் பிந்தின. 2025 ஓகஸ்டில் வங்கி கடைசியாகச் சொன்னது, வெள்ளிக்கிழமைக்குள் நிலுவை வராவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். மதாமுக்குத் தொண்ணூற்று மூன்று வயது, இருமலும் விட்டிருந்தது.

அந்த வாரம் பாரிஸில் அனல் அடித்தது. தகனினியில் புல்லில் உறைபனி. கதவிடுக்கால் வந்த வெக்கையில் காயப்போட்ட சீருடைகள் நன்றாகக் காய்ந்தன. புதன்கிழமை காலை, புஷ்பமலர் வேலைக்குப் போன பிறகு, உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எட்வேட் கதவைத் திறந்தார். மதாம் தரையில் கிடந்தார். முகம் சிவந்து வாய் உலர்ந்திருந்தது, மின்விசிறி நின்றிருந்தது, பாரிஸ் மாலை வெயில் யன்னலில் எரிந்தது.

எட்வேட் கதவைச் சாத்தினார். இதை மறைப்பதற்கில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு மரணம் நடந்துவிட்டது என்று சொன்னாலே வங்கி பொறுக்கும், பாரிஸ் வீடு வரும், விற்றால் எல்லாம் தீரும், அஞ்சலினா அதே பள்ளியில் இருப்பாள். அவர் எந்தக் குற்றமும் செய்யத் தேவையில்லை, இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அப்போது உள்ளே இருந்து மதாம் கூப்பிட்டார். உதவி என்று கூப்பிடவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக, "முஸ்யே எதுவார்" என்று அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தன்னை நினைத்து எட்வேட்டுக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே ஓடித் தூக்கப் பார்த்தார், கைகள் அவருக்கூடாகப் போயின. சமையலறைத் தண்ணீரை முகத்தில் ஊற்றினார், அது தரையைத்தான் நனைத்தது. இராசரத்தினம் மாதா திருநாளுக்கு லூர்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. இங்கிருந்து அழைத்தால் பிரான்சின் அம்புலன்ஸ் இலக்கம் வேலை செய்யவில்லை. அந்த அறையில் எதைத்தான் தன்னால் தொடமுடியும் என்று சுற்றிப் பார்த்தவருக்கு இராசரத்தினம் சொன்னது ஞாபகம் வந்தது. சுவர், தரை, கூரை. பெரிய திருத்த வேலை.

கராஜிலிருந்து சம்மட்டியைக் கொண்டுவந்து வெளிச்சுவரில் ஓங்கி அடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வீட்டின் சொந்தக்காரரைப் போல அடித்தார். அடிக்கும்போது அழுதார். சுண்ணாம்பு உதிர்ந்தது, செங்கல் விழுந்தது, ஓட்டைக்கு அப்பால் பாரிஸ் இல்லை. பக்கத்து வீட்டு வேலியும் மோட்டர்வேயும் தெரிந்தன. ஓகஸ்ட் மாதத்துக் குளிர்ந்த தென்காற்று மழைத்தூறலோடு உள்ளே பாய்ந்தது. கதவால் போகாத குளிர் சுவரால் போனது. ஓட்டையைக் கதவளவுக்குப் பெருப்பித்தார். கை கிழிந்து இரத்தம் வந்தது. மதாமின் முகத்துச் சிவப்பு மெல்ல இறங்கியது, தூறல் உதட்டில் பட அவர் நாக்கை நீட்டினார், கடைசியில் சுவரைப் பிடித்து எழும்பி, ஒரு கம்பளிப் போர்வையைத் தேடி எடுத்துப் போர்த்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த புஷ்பமலர் ஓட்டையையும் கணவரையும் பார்த்தார். "வீடு போகப் போகுது புஷ்பம்" என்றார் எட்வேட். "போகட்டும்" என்று சொல்லி அவர் கைக்கு மருந்து கட்டினார் புஷ்பமலர். பிறகு குளியலறைக்குள் போய் நெடுநேரம் அழுதார், ஏனென்றால் அது அவருக்குப் பிடித்த வீடு.

வீடு போனது. ஏலத்தில் மிஞ்சிய காசில் மதாமின் தவணை தொடர்ந்து போனது. பாபடோயிட்டோயில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்து, சாமான் இறக்கிய அன்றே தோய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் கதவு இருந்தது. பரிசோதிக்க வந்த ஏஜென்ட் பெண் அதையும் திறந்து பார்த்து, சுவரில் ஈரம் இல்லை என்று குறித்துக்கொண்டு போனார். வாடகை இரண்டு அறைக்குத்தான். ஓட்டை இருந்த இடத்தில் எட்வேட் ஒரு யன்னல் வைத்துக் கொடுத்தார். மதாம் அதற்குப் பக்கத்தில் இருந்து இந்திய மளிகைக் கடைக்குப் போய்வருகிற சனங்களைப் பார்ப்பார். இருமல் அடியோடு இல்லை. தென்காற்று ஒத்துக்கொண்டது என்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த எட்வேட் யன்னல் கொக்கியைச் சரிபார்க்கப் போனபோது, மதாம் மேசையில் இரண்டு கோப்பைகளை வைத்து, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துவிட்டு, இரு என்று கையைக் காட்டினார். எட்வேட் தலையாட்டி மறுத்தார். மதாம் விடவில்லை. எட்வேட் பழைய விழுகையை நினைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி மெல்ல இருந்தார்.

நாற்காலி தாங்கியது. கோப்பி கசப்பாக இருந்தது, எட்வேட் சீனி கேட்டார்.