ஜெயராணி வீட்டு டெஸ்கன்ட்

கொட்டாஞ்சேனைக் கோயிலில் கிறிஸ்து பிறந்த நாளான நத்தார்க் காலைப் பூசையின் கடைசிப் பாட்டு, கடைசிச் சரணத்துக்கு வந்ததும் சனம் முழுக்கத் தலையைத் திருப்பிப் பாடகர் மாடத்தைப் பார்க்கும். கீழே எல்லோரும் தெரிந்த மெட்டைப் பாட, மாடத்திலிருந்து ஒற்றைப் பெண்குரல் அதற்கு மேலாக வேறொரு மெட்டைப் பாடும். அதற்குப் பெயர் டெஸ்கன்ட். ஜெயராணி வீட்டுச் சொத்து அது. அவருடைய புருஷன் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜெயராணி பாடினார். குரல் போனதும் மருமகள் நிஷாந்தியின் தலையில் கட்டிவிட்டார். தாலியோடு வந்த சுமை என்று வையுங்களேன்.

நிஷாந்திக்கு நாற்பது தாண்டிவிட்டது. மூன்றாம் வரியில் ஓர் உச்சச் சுரம். பாவி மனுஷன் அதை ஏன்தான் எழுதினாரோ! போன வருஷமே அது இழுபறிதான். இந்த வருஷம் குளியலறையில்கூட வரவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் குரல் கிழிந்தால் பிறகு எந்த முகத்தோடு தெருவில் இறங்குவது?

மாமியிடம் கேட்டுப் பார்த்தாள். சுருதியைக் கொஞ்சம் இறக்கலாமா என்றாள், வேறு ஆளைப் பழக்கலாமா என்றாள். ஜெயராணி பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஓர்கன் வாசிக்கும் புருஷன் புஷ்பராஜோ, “இந்த வருஷம் மட்டும் சமாளியும்” என்றான். அதைத்தான் வருஷா வருஷம் சொல்கிறான். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம் என்றால், கொட்டாஞ்சேனையே கொத்தமல்லித் தண்ணியோடு வாசலில் வந்து நிற்கும். ஆப்பிழுத்த குரங்காக அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பூசைக்கு முந்திய ஒத்திகையின்போது, கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சுவாமியார் மாடத்துக்கு ஏறி வந்தார். டெஸ்கன்ட் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். ஜெயராணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அது லத்தீன்காரருடைய சொல், விலகி நின்று பாடும் பாட்டு என்று அர்த்தம் என்றார். அந்தக் காலத்துத் துறவிகளில் சிலர் கோயில் பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் அதற்கு மேல் தன் மனதுக்கு வந்ததைப் பாடுவாராம்.

“எழுத்தும் இல்லை, கட்டளையும் இல்லை சுவாமி. வாயில வாறதுதான். அப்பிடித்தான் இது பிறந்தது.”

சொல்லி முடித்த கையோடு மருமகளிடம் திரும்பி, எழுதியிருப்பதில் ஒரு மூச்சுக்கூட மாறக்கூடாது என்றார். நிஷாந்திக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. சுவாமியார் நிற்கிறாரே என்று பாட்டுத் தாளைப் புரட்டினாள்.

நத்தார் அன்று கடைசிச் சரணம் வந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. முதல் இரண்டு வரியும் எழுதியபடியே போயின. மூன்றாம் வரி வந்தது. ஏறினால் கிழியும், நின்றால் மானம் போகும். அவள் ஏறவில்லை, நிற்கவும் இல்லை. சனத்தின் மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தணிந்த சுரத்தைப் பிடித்து, அங்கிருந்து வாய் போன வழியே போனாள். அடுத்த சுரம் என்னவென்று அவளுக்கே தெரியாது. கீழே சனம் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பாடுவது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

பூசை முடிந்து ஜெயராணி நெருங்கி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள நிஷாந்தி தயாராக நின்றாள். வேண்டியதைச் சொல்லட்டும், அந்த மெட்டிலிருந்து தப்பியாயிற்று.

மாமியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அவர் எழுதினதை விட இது நல்லா இருக்கு பிள்ளை.”

நிஷாந்திக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மாமி கையை விடாமலே ஓர்கன் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பவென்று பாட்டு முழுவதையும் போனில் பிடித்து வைத்திருந்தாராம்.

“இதைக் கேட்டு அப்பிடியே எழுது. இனி வருஷா வருஷம் இவள் இதைத்தான் பாடவேணும்.”

புஷ்பராஜ் போனைக் காதில் வைத்து முதல் சுரத்தைத் தேடத் தொடங்கினான்.