ஒட்டக்கூடாத படங்கள்

திங்கட்கிழமை நடந்ததை இன்று வியாழக்கிழமைதான் எழுத வருகிறது. முறையாக, நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன்.

சாத்தூரில் எங்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் லட்சுமிகாந்தம் சார், பால்வாடி ஆசிரியைகள் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். பிள்ளைகள் கையால் தொட்டு விளையாடிக் கற்கிற மாதிரி ஏதாவது செய்துவர வேண்டும். ஒரு நாளோடு வீணாகாமல், வருஷம் முழுக்க எடுத்து எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள்களைக் கேட்டு வாங்கிவந்தேன். சேவல், மான், கப்பல், தாமரை. வண்ணம் கொஞ்சம் விலகியிருந்தாலும் படம் தெளிவாகவே இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டி, அட்டையில் ஒட்டி, அழுக்குப் பிடிக்காதபடி படத்தின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். அட்டைகளைப் பரப்பிவைத்தால் பிள்ளைகள் சேவலுக்குச் சேவலைத் தேடி ஜோடி சேர்க்க வேண்டும்.

நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. "ஏலே, அது என் கப்பல்லே, குடு!" என்று ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. எல்லாம் ஆடி முடித்தபிறகு முத்துப்பேச்சி வந்து அட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு மூலைக்குப் போனாள். நாலு வயது. ஆடியில் சேர்ந்தவள், அதுவரை வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பக்கத்தில் கஞ்சித் தட்டை வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், அத்தனை அட்டைகளையும் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக விரல்கடை ஓரம் தெரியும்படி படிபோல அடுக்கியிருந்தாள். தன் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில் லேபிள்களுக்குப் பசை தடவுவது இப்படித்தான். அது எனக்குத் தெரியாததா? ஆனால் புதன்கிழமை வகுப்பில் காட்ட வேண்டிய அட்டைகள் ஊறிப்போனது மட்டும்தான் அப்போது கண்ணில் பட்டது. அவள் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவள் அழவில்லை. கஞ்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பசை தண்ணியாப் போச்சா டீச்சர்?"

என் வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அட்டைகளின் பின்பக்கமும் மெழுகு தேய்த்திருக்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் அவள் வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வீரலட்சுமி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேச்சி, லேபிள்களைப் படிபோல அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். லோடு எடுக்க வண்டி வந்துரும், எந்திரிக்க முடியல. அங்கன உக்காருங்க."

"பேச்சி ஏன் வரல?"

"அடிக்கதுக்கு வீட்டுல நாங்க போதாதா டீச்சர்? அதுக்குன்னு தனியா ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணுமாக்கும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை நிற்கவில்லை. "உங்க சாமானப் பாழாக்கிட்டான்னு கேள்விப்பட்டு நானும் ரெண்டு வச்சேன்."

"அவமேல தப்பு இல்ல. நான்தான் அடிச்சிருக்கக் கூடாது."

"அத என்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அடி வாங்குனவ இந்தா இருக்கா."

பேச்சியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வாயெடுக்கும் முன்பே அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். நான் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நாளைக்கு அனுப்புதேன்" என்றாள் வீரலட்சுமி. "இம்புட்டு தூரம் வந்துட்டீக."

சொன்னபடியே அனுப்பினாள். நான் மிச்ச லேபிள்களை வைத்து வேறு அட்டைகள் செய்திருந்தேன். பேச்சியின் முன்னால் சேவலை வைத்தேன், மானை வைத்தேன். ஜோடி எங்கே என்று கேட்டபோது, இன்னொரு சேவல் இருந்த பக்கம் மோவாயை நீட்டிக் காட்டினாள். சரியாகத்தான் காட்டினாள். கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. கஞ்சி குடிக்கும்போதுகூட, நான் அந்தப் பக்கம் போனால் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று மாலை வகுப்பில் சார் என் அட்டைகளை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கம்மா, கறை இல்ல, கசங்கல் இல்ல. இப்படி வச்சிருந்தா எத்தன வருஷம் வரும்! பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்காங்க."

மற்ற ஆசிரியைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். நடந்ததை முழுதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன்.

"ஒரு பிள்ள அதத் தொடவே மாட்டேங்குது சார்."

"ஒரு பிள்ளதானம்மா" என்றார் சார். அட்டைகளை அடுக்கி என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.