உப்புப் போட்ட ஐஸ்

டில்லியில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஜெசீந்தாவிடமிருந்து தந்தி வந்தது. ரயில் ஏறிவிட்டாளாம், தான் வந்து அப்பா முகத்தைப் பார்க்கும்வரை உடலை எடுக்கக் கூடாதாம். நீண்டகரையில் மழைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன, ஐஸ் ஆலையையும் மூடிவிட்டார்கள். அங்கே மிச்சமிருந்த கட்டிகளை வண்டியில் அள்ளிவந்து, என் கணவரைச் சுற்றி அடுக்கினான் அவர் தம்பி லாசர். எனக்கு அழுகை வரவில்லை. சயன்ஸ் டீச்சர் அல்லவா, கல்நெஞ்சுக்காரி என்று பின்கட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

லாசர் ஒரு சாக்குக் கல்லுப்பைத் தூக்கிவந்தான்.

"உப்பு எதுக்குடா?"

"குளிர் கூடும் அண்ணி. படகுல இறாலை இப்படித்தான் வச்சுக் கொண்டாருவோம். உங்க கரும்பலகைக்கு இதெல்லாம் தெரியாது."

"குளிர் கூடும்டா. ஆனா ஐஸ் சீக்கிரம் தீர்ந்துடும். போடாதே."

"இது எங்க அண்ணன், அண்ணி. பாடம் நடத்தாதீங்க."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பிடிபிடியாக, அண்ணன் மேல் ஒரு கல்கூடப் படாமல் தூவினான். பாசத்தோடு செய்தான், அதுதான் கொடுமை.

மறுநாள் விடிந்தபோது கட்டிலுக்கடியில் தண்ணீர்தான் நின்றது. வேறு ஐஸ் எங்கும் கிடைக்கவில்லை. பாதையில் வெள்ளம், ரயில் விஜயவாடாவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். மதியத்துக்குள் வாடை வாசல்வரை வந்துவிட்டது. பங்குச் சாமியார் என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துடுங்க ஃபாதர்," என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெசீந்தா வந்தாள்.

"ஒரு நாள், அம்மா. ஒரே ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா?"

வாயைத் திறந்தேன். வகுப்பில் சொல்வதுதான் வந்தது. நிறுத்த முடியவில்லை.

"ஐஸ்ல துகளெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு, நின்ன இடத்துலயே அதிர்ந்துக்கிட்டிருக்கும். சூடு வாங்க வாங்க ஆட்டம் கூடும். பிடி தளர்ந்து ஒண்ணுமேல ஒண்ணு நழுவினா தண்ணி. இன்னும் சூடு ஏறினா, ஒட்டே இல்லாம தனித்தனியாப் பறந்துடும். உப்பு போட்டா அந்தப் பிடி அவ்வளவு குளிர்லயும் விட்டுப்..."

"உப்பா? ஐஸ்ல உப்பை யாரு போட்டது?"

கதவோரம் நின்ற லாசர் என்னைப் பார்த்தான். இனி அவளுக்கு அப்பா ஸ்தானத்தில் இருப்பது அவன் ஒருவன்தான்.

"நான்தான்," என்றேன்.

"நீயா? எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குற நீயா?"

அவள் என் பக்கம் வரவில்லை. லாசரின் தோளில் போய் விழுந்தாள். அவன் ஓவென்று அழுதான்.