ஹெதிலியின் வேலிக்குள் இறங்கிய விமானம்

துனிசியாவின் கெர்கென்னா தீவில் கடந்த பத்து வருஷங்களில் மணப்பெண்ணாக நின்றவர்களில் பாதிப் பேர் தலேந்தா தைத்த உடுப்பில்தான் நின்றார்கள். வெட்டியது போக மிஞ்சும் பட்டுத் துண்டுகளை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள். அவை அவள் செய்து பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு. பள்ளிக்கூட நாட்களில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து இளைஞர் மன்றத்தில் பிடித்த பைத்தியம் அது. நாற்பத்தாறு வயதிலும் விடவில்லை.

இந்த முறை செய்தது இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட கிளைடர். எஞ்சின் கிடையாது. பட்டம் விடுவது போல நூலில் கட்டி ஓடி மேலே ஏற்றி விட்டுவிட வேண்டும். பிறகு அதன் பாடு, காற்றின் பாடு. பால்சா என்ற லேசான மரத்தை பிளேடால் சீவி, விலா எலும்பு போல ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே பட்டுத் துணியைப் போர்த்தி, வார்னிஷ் பூசி முறுக்கேற்றியிருந்தாள். எவ்வளவு உயரத்தில் போனாலும் கண்ணில் படவேண்டும் என்று இறக்கைக்கு ஆரஞ்சு நிறம். அவள் புருஷன் ஜிலானி மீன் பிடிப்பவன். படகுக்கு அடித்தது போக டப்பாவில் மீந்த பெயிண்ட்டைப் பெரிய மனதோடு கொண்டுவந்து நீட்டினான். அதை அடித்தால் விமானம் பறக்காது, மிதக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

வருஷா வருஷம் வசந்தத்தில் ஸ்ஃபாக்ஸிலிருந்து பதினான்கு பேர் முதல் கப்பலில் வந்து இறங்குவார்கள். தீவின் நடுவில் காய்ந்து கிடக்கும் உப்புத் தரையில் போட்டி. ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விமானம் மூன்று நிமிஷம் காற்றில் நின்றால் முழு மதிப்பெண். நேரம் பார்ப்பவர் மோன்செஃப், மருந்துக்கடைக்காரர், பார்க்கச் சாதுவானவர், ஒரு வினாடிகூட விட்டுக்கொடுக்காதவர். தீவிலிருந்து போட்டிக்கு நிற்பவள் தலேந்தா ஒருத்திதான். ஓடும்போது விமானத்தைப் பிடித்து நிற்கும் நாத்தனார் பிரசவத்துக்குப் போய்விட்டதால், இந்த வருஷம் அந்த வேலை ஜிலானி தலையில் விழுந்தது.

அவன் வராமலே இருந்திருக்கலாம் என்று நான்காம் சுற்றில் அவளுக்குத் தோன்றியது. அதுவரை மூன்று சுற்றிலும் முழு மதிப்பெண். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. அவள் நூலைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, மத்தியானத்துக்கு ஆக்டோபஸைச் சுடுவதா, குழம்பு வைப்பதா என்று ஜிலானி கேட்டான். சுடு என்று பதில் சொன்னவள் டைமரைத் திருக மறந்துவிட்டாள். விமானத்தின் வாலை மூன்று நிமிஷத்தில் மேலே தூக்கி, அதை இலை மாதிரி கீழே இறக்க வேண்டியது அந்தச் சின்னப் பொறிதான். அது சும்மா இருந்தது. உப்புத் தரையிலிருந்து கிளம்பிய சூடான காற்று விமானத்தை அள்ளிக்கொண்டு போனது. மூன்று நிமிஷம் முடிந்தது, ஐந்து முடிந்தது. மோன்செஃப் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி வழியனுப்பினார். விமானம் கொசு அளவாகிக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் சுற்று இரண்டு மணிக்கு முடியும். அவளிடம் வேறு விமானம் இல்லை.

ஜிலானி வானத்தைப் பார்த்தான். பிறகு பேரீச்ச மரங்களின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். "கரையைத் தாண்டினா காத்து வடக்கே திரும்பும். எங்க வேலிங்க இருக்கிற பக்கம்தான் விழும். ஏறு வண்டியில," என்றான்.

தீவைச் சுற்றிக் கடல் வெகு தூரம் வரை இடுப்பளவுதான். பேரீச்ச ஓலையைக் கடலுக்குள் வேலியாக நட்டு, மீனை வழிநடத்தி ஒரு கூண்டுக்குள் சேர்ப்பார்கள். கடலானாலும் ஒவ்வொரு வேலிக்கும் சொந்தக்காரன் உண்டு, வயல் மாதிரி. படகைக் கோலால் தள்ளிக்கொண்டு அரை மணி போனதும் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. தலேந்தாவுக்கு உயிர் வந்தது. ஜிலானி கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டான்.

விமானம் ஹெதிலியின் வேலியில் ஓலைமேல் படுத்திருந்தது. ஒரு இறக்கை தண்ணீரில்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு புயல் எல்லைக் கம்பைக் கொண்டுபோனது. கையை விரித்து அளந்தால் பன்னிரண்டு பாகம் வரும் கடல் யாருடையது என்பதில் தகராறு. அன்றிலிருந்து ஜிலானிக்கும் ஹெதிலிக்கும் பேச்சு இல்லை. அடுத்தவன் வேலியில் சொல்லாமல் கை வைப்பவனைத் தீவில் திருடன் என்றுதான் சொல்வார்கள். விழுந்தது சொந்தச் செருப்பே ஆனாலும் அப்படித்தான்.

தலேந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப்போனாள். ஜிலானி கையைப் பிடித்தான். "அவன் வேலியில நீ கால் வைக்கக் கூடாது. நான் அவன்கிட்ட கேக்கவும் மாட்டேன்."

"நீ கேக்க வேணாம். அவன் மகளுக்கு உடுப்பு தைச்சது நான்தானே," என்று சொல்லி, அவள் ஹெதிலியின் மனைவிக்குப் போன் செய்தாள்.

கால் மணியில் ஹெதிலி தன் படகில் வந்து சேர்ந்தான். பெரிய மீசைக்காரன். தலேந்தாவிடம் நலம் விசாரித்தான், விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், இதையா நீ செய்தாய் என்று வியந்தான். ஆனால் எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை.

"கொடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, தலேந்தா. உன் படகுக்காரன் கேக்கட்டும்."

மணி பன்னிரண்டு ஐம்பது. ஜிலானி தண்ணீரைப் பார்த்தான், கோலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தபோதுதான் அவள் தன்னிடம் ஒன்றும் கேட்காமல் இறக்கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பட்டு தண்ணீரில் ஊறி நிறம் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"ஹெதிலி. என் பொண்டாட்டி விமானம் உன் வேலியில கிடக்கு. தப்பு என்னோடது, ஆக்டோபஸைப் பத்திப் பேசி அவ கவனத்தைக் கெடுத்துட்டேன். எடுத்துக்கட்டுமா?"

ஹெதிலி மீசையைத் தடவினான். "நாலு வருஷத்துல உன் குரல் கட்டிப்போச்சே. வீட்டுலயும் பேசறதில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஜிலானி இறங்குமுன் தானே குதித்து, விமானத்தைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கி, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போல நடந்து வந்தான். படகில் வைத்த பிறகும் அவனுக்குத் திரும்பிப்போக மனசில்லை. அது எப்படிப் பறக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்று கூடவே கிளம்பிவிட்டான்.

மைதானத்துக்கு வந்தபோது காய்ந்த இறக்கை அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. தலேந்தா பதறவில்லை. ஸ்ஃபாக்ஸ்காரர்களின் தேநீர்க் கெட்டிலை வாங்கி, ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து, ஆறும்வரை நின்றாள். தேநீருக்காகக் காத்திருந்த ஐந்தாறு பேர் வெறும் தம்ளரோடு அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மோன்செஃப் பதினோரு நிமிஷம் பாக்கி என்றார். கொஞ்சம் கழித்து, ஏழு என்றார்.

விமானத்தைப் பிடிக்க ஹெதிலி நின்றான். ஜிலானி தள்ளி நின்று காற்றைப் பார்த்தான். பேரீச்ச ஓலை அசைந்ததும் கையை இறக்கினான். தலேந்தா டைமரைத் திருகினாள், திருகினதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள், ஓடினாள்.

ஈரம் முழுக்கப் போகாத விமானம் கனத்துத்தான் ஏறியது. ஆனாலும் ஏறியது. நூலை விட்டு வட்டமடித்துக்கொண்டு மெல்ல இறங்கத் தொடங்கியபோது, ஹெதிலி அதைவிட மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் பத்தொன்பது வினாடி. மொத்தத்தில் மூன்றாம் இடம். தீவுக்காரர் யாரும் அதுவரை அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே வந்ததில்லை. மோன்செஃப் கைகொடுத்து, கடலுக்குள் போய்விட்டுத் திரும்பிப் பறந்த விமானத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

ஆக்டோபஸைச் சுட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பாகம் யாருடையது என்று ஜிலானியும் ஹெதிலியும் சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை போட்டார்கள், வாய் நிறைய மென்றுகொண்டே. முடிவு ஒன்றும் வரவில்லை. ஆளுக்கு ஆறு என்று சொல்லிப்பார்த்த தலேந்தாவை, உனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அடக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹெதிலி மூக்குக்கண்ணாடியோடு வந்து, தானும் ஒரு விமானம் செய்யவேண்டும் என்று அவள் தையல் மேஜை முன்னால் உட்கார்ந்தான். அன்று நான்கு பால்சா விலாக்களை உடைத்தான். அடுத்த வாரம் இரண்டு.