தட்டுக்காரி நின்ற நான்கு விநாடி

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரத்தை ஃப்ரேமுக்குப் பொருந்தும்படி தேய்த்துக்கொண்டிருந்தவளை, யாரோ தேடி வந்திருப்பதாகச் சொல்லி முதலாளி கூப்பிட்டார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் நெஞ்சோடு அணைத்திருந்த காகிதக்கட்டு ஒரு தலையணை கனத்துக்கு இருந்தது.

"நீங்க ரொம்ப வருஷம் முன்னாடி 'தொலைகரை' தொடர்ல நடிச்சீங்களா?"

"நடிக்கவெல்லாம் இல்லைங்க. கூட்டத்துல நின்னேன். மூணு நாள்."

"ஒன்பதாவது எபிசோட்ல, கையில தட்டோட நடந்து போனது நீங்களா?"

"போனேன். ஏன், தட்டு காணாமப் போச்சா?"

வந்தவர் சிரிக்கவில்லை. கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உங்களை நாலு மாசமா தேடுறேன்," என்றார். பழைய உடையலங்காரக்காரர் ஒருவரின் அளவுநோட்டில் பெயரும் தெருவும் கிடைத்து, அதை வைத்து வீடு வீடாக விசாரித்து வந்திருக்கிறார். பதிப்பகம் ஒன்றில் தொகுப்பாசிரியராம்.

'தொலைகரை' ஒரு விண்வெளித் தொடர். புறப்பட்ட கப்பலில் ஏறிய யாரும் போய்ச்சேரப் போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் கரையில் இறங்குவார்கள். தொடர் முடிந்து இருபது வருடம் தாண்டியும் ரசிகர்கள் அதை விடவில்லை. அந்தப் பதிப்பகம் வருடத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். ஒரு வருடம் கதவுகள். ஒரு வருடம் அனுப்பாத கடிதங்கள். இந்த முறை, வாய்திறந்து ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் கடந்துபோனவர்களில் யாரையாவது எடுத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு கதைகள் வந்தன.

"அதுல முப்பத்தொண்ணு உங்களைப் பத்தி," என்றார் தொகுப்பாசிரியர்.

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?"

"நீங்க நின்னீங்களே."

காட்சி இதுதான். கேப்டன் முன்னால் நின்று நீளமாகப் பேசுகிறார். பின்னால் நடைவழியில் தட்டேந்திப் போகிற பெண் சட்டென்று நிற்கிறாள். பக்கவாட்டில் எதையோ பார்க்கிறாள். லேசாகச் சிரிக்கிறாள். போய்விடுகிறாள். நான்கு விநாடி. வெட்ட மறந்திருக்கிறார்கள். கேப்டன் என்ன பேசினார் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெண் எதைப் பார்த்தாள் என்று மட்டும் இத்தனை வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். 'தட்டுக்காரி' என்று பெயரே விழுந்துவிட்டது.

"எதைப் பாத்தீங்க?" என்று கேட்டார் தொகுப்பாசிரியர். குரல் தாழ்ந்துவிட்டது.

அவள் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டினாள். காகிதக்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, பேருந்தில் ஒன்று என்று படித்தாள். ஒரு கதையில் அவள் உளவாளி. ஒன்றில், கப்பல் என்றைக்கோ திசை திரும்பிவிட்டதைக் கண்டுகொண்டு வெளியே சொல்லாமல் சிரிக்கிறாள். இன்னொன்றில், பளபளக்கும் சுவரில் இறந்துபோன தம்பியின் முகத்தைப் பார்க்கிறாள். அதைப் படித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. முகம் தெரியாத முப்பத்தொரு பேர் ஆளுக்கொரு பெயர் வைத்து, தாய் தகப்பன் கொடுத்து, பயமும் பிடிவாதமும் கொடுத்து அவளை வளர்த்திருந்தார்கள். தன்னை யாரும் கவனித்ததாக அவள் நினைத்ததே இல்லை.

மூன்றாம் நாள், பத்தொன்பதாவது கதையைப் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அந்தக் கதையில் தட்டுக்காரி நிற்பது, வயிற்றில் குழந்தை முதல்முறை அசைந்ததால். உதையாக அல்ல, நீருக்குள் ஒரு குமிழி உடைவதுபோல. அவள் தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொள்கிறாள். வலக்கை, அவளைக் கேட்காமலே, கீழே போகிறது.

அப்படித்தான் நடந்தது; கேப்டனின் தோள் மறைத்ததால் அந்தக் கை திரையில் தெரியவில்லை. ஐந்தாம் மாதம். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று படப்பிடிப்பில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சீருடையின் இடுப்பை ஊக்கு குத்தித் தளர்த்தியிருந்தாள். அந்த நான்கு விநாடியைக் கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

மகளைக் கூப்பிட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். மகள் லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. எதையும் சுலபத்தில் நம்பமாட்டாள். ஏழெட்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நானும் இருக்கேனாம்மா?"

"இருக்க."

மகள் திரையில் தட்டுக்கு அருகே விரலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கதையை எழுதியவர் யாரென்று அவள் கேட்டாள்; மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர் என்று தொகுப்பாசிரியர் விசாரித்துச் சொன்னார். மூவரும் சனிக்கிழமை காலை போனார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான நடைவழி, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். கையுறையோடு வெளியே வந்த ஸ்கேன்காரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"இதோ, இந்த இடத்துலதான். தண்ணி குடிச்சிட்டு நடக்கச் சொல்லுவோம். நடந்துட்டே இருக்கறவங்க திடீர்னு நிப்பாங்க. எல்லாரும் வயித்தைப் பாப்பாங்கன்னு நினைப்போம். பாக்க மாட்டாங்க. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி பக்கத்துல திரும்பிப் பாப்பாங்க. நீங்களும் அப்படித்தான் திரும்புனீங்க." அவர் கையுறையைக் கழற்றினார். "ரசிகர் கூட்டத்துல சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரிக்கு எல்லாமே கர்ப்பம்தான்னு கிண்டல் பண்ணாங்க."

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

"என்ன?"

"கதையில பையன் பொறக்குது."

பக்கத்தில் நின்ற மகளை அவள் கண்ணால் காட்டினாள். ஸ்கேன்காரம்மா மெல்ல எழுந்தார். நாள் முழுக்கப் பிறக்காத பிள்ளைகளையே பார்க்கிறவர், ஆறடிக்குச் சற்றே குறைவான அந்தப் பெண்ணை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். மகள் கையை நீட்டினாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தொகுப்பாசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. "முன்னுரையில இதைத்தான் எழுதப்போறேன். இருபது வருஷச் சண்டை தீந்துடும்."

"எழுதாதீங்க," என்றாள் அவள்.

"ஏங்க?"

"மத்த முப்பது பேரும் எழுதினது பொய்யாயிடும்ல. அந்தக் கதையில தம்பியைப் பாத்தேனே, அது இல்லைன்னு ஆயிடும். எனக்கு அதெல்லாமும் வேணும்."

தொகுப்பாசிரியர் நடுத்தெருவில் நின்று யோசித்தார். பிறகு சரி என்றார்.

தொகுப்பு இரண்டு மாதத்தில் வந்தது. அதில் இடம்பெற்ற பதினான்கு கதைகளில் ஐந்து தட்டுக்காரியுடையவை. முன்னுரையின் கடைசியில் தொகுப்பாசிரியர் இப்படி எழுதியிருந்தார்: 'அவரைச் சந்தித்தோம். நலமாக இருக்கிறார். எதைப் பார்த்தார் என்று கேட்டோம். சொன்னார். நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள்.'