ஐந்தாவது ஐட்டம், க்யூ வரி

டோலன் ஃபால்ஸ் பள்ளி வாரியத்தின் முன்னால் பெற்றோர் ஒருவருக்குப் பேச மூன்று நிமிடம் தருவார்கள். அதற்கு மேல் ஒரு வினாடி போனாலும் மேசை மேல் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அந்த மூன்று நிமிடத்துக்காக டானெட் குபியாக் இரண்டு வாரம் சமையலறையில் நின்று பழகினாள். கணவன் ரஸ், கேக் வேகும்போது திருகிவைக்கும் சின்ன மணிக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தான். முதல் நாள் ஏழு நிமிடம் வந்தது.

"அழுததைக் கழிச்சா அஞ்சுதான்" என்றான் ரஸ்.

அழுகையைக் கழித்தாள். பிறகு கோபத்தையும் கழித்தாள். கடைசியில் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். மகள் கீலி மேசைக்கடியில் உட்கார்ந்து, மணி அடிக்கும்போதெல்லாம் கை தட்டினாள்.

கீலிக்குப் பதினொரு வயது. பேச்சு வரவில்லை. கை தட்டினால் 'ஆமாம், வேண்டும்' என்று பொருள். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்க ஆறாம் எண் வகுப்பறையில் மிஸ் பிரேகருக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது அந்த அறையை மூடிவிட்டு, அங்கே படிக்கும் ஏழு பிள்ளைகளையும் மாவட்டத் தலைநகரில் உள்ள சிறப்புக் கல்வி மையத்துக்கு அனுப்ப வாரியம் யோசிக்கிறது. வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இருபது நிமிடத்துக்கு மேல் வண்டி ஓடினால் கீலி தலையை ஜன்னலில் மோதிக்கொள்வாள். போன கோடையில் போட்ட தையலின் தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது.

பெற்றோரைக் கலந்தாலோசிக்காமல் எதையும் செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்காகவே ஒரு பெற்றோர் குழு வைத்திருந்தார்கள். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் ஷிஃப்டு மாற்றிக்கொண்டு, டானெட் ஒரு வருடமாக அதன் எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். காபி கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், வருகைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அறையைப் பற்றிக் கேட்டால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை, மார்ச் கூட்டத்தில் வரும் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, மார்ச் கூட்டத்தில்தான் வந்தது.

கூட்டம் மாலை ஆறு மணிக்குப் பள்ளி நூலகத்தில். டானெட் சலவைக்கூட உடுப்பை மாற்றி, தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையில் போயிருந்தாள். வாசலில் நான்கு பக்க நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டு, விரலை ஓட்டித் தேடினாள். ஒன்பதாவது ஐட்டம், சிறப்புக் கல்வி அறிக்கை. பதினொன்றாவது, பொதுமக்கள் பேச்சு. நமக்குரியவை இவைதான் என்று பென்சிலால் கோடு போட்டாள். ஐந்தாவதாக ஒப்புதல் பட்டியல் இருந்தது. யாரும் சண்டை போடாத விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் தள்ளிவிடும் பட்டியல் அது. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட வரிகளாகத் தரை மெழுகு, பனி வாரும் ஒப்பந்தம், போன மாதக் கூட்டக் குறிப்பு. அதைப் போய் யார் படிப்பார்கள்? அவளும் படிக்கவில்லை.

தலைவர் கர்ட் ஹோல்ம்பெர்க் ஊரின் பல் டாக்டர். டானெட்டோடு அதே பள்ளியில் படித்தவர், நல்ல மனிதர்தான். கீலிக்குப் பல் பார்க்கும்போது, அந்தச் சத்தம் அவளைப் படுத்தும் என்று மெஷினை ஓட்டாமல் கையாலேயே சுத்தம் செய்வார். ஐந்தாவது ஐட்டம் வந்ததும், பட்டியலில் எதையாவது தனியே எடுத்துப் பேச வேண்டுமா என்று கேட்டார். வாரியத்தைப் பார்த்துக் கேட்டார், பிறகு முறைப்படி கூட்டத்தின் பக்கமும் திரும்பிக் கேட்டார். ஒரு கை உயர்ந்தால் போதும், அந்த வரியை மூட்டையிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். டானெட் மடியில் இருந்த தாளைப் பார்த்து, உதட்டை அசைத்து, தன் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

வாரிய உறுப்பினர் ஏழு பேரும் சரி என்றார்கள். முப்பத்தோரு வருடம் பள்ளியைத் துடைத்துக் கூட்டிய ஆர்வினின் ஓய்வும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. எழுந்து நில்லுங்கள் ஆர்வின் என்றார் கர்ட். கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கீலிக்கு ஆகாது என்று, ஆறாம் அறை நாற்காலிக் கால்களுக்கெல்லாம் டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டியவர் அவர். எல்லோரும் கை தட்டினார்கள். டானெட்டும் எழுந்து நின்று, உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

அவள் பெயரைக் கூப்பிட மேலும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பச்சை விளக்கு எரிந்தது. குரல் நடுங்காமல் தொடங்கினாள். ஒரு நிமிடம் தாண்டியதும் கர்ட் கையை லேசாக உயர்த்தினார்.

"டானெட், அந்த அறை விஷயம் பாஸாயிடுச்சு."

"எப்போ?"

"அஞ்சாவது ஐட்டத்துல. க்யூ வரி."

தாளைப் புரட்டினாள். 'சேவை வழங்கும் இடங்களின் சீரமைப்பு' என்று இருந்தது. அதற்கு மேல் வரியில் பனி வாரும் ஒப்பந்தம், கீழ் வரியில் ஆர்வின். அறை என்ற சொல்லும் இல்லை, பிள்ளை என்ற சொல்லும் இல்லை. 'பெற்றோர் குழு கலந்தாலோசிக்கப்பட்டது' என்று மட்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அந்தப் பெற்றோர் தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தனியா எடுக்கணுமான்னு உங்க பக்கம் பாத்துத்தானே கேட்டேன்" என்றார் கர்ட். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "யாரும் கை தூக்கல. நீயும் கை தட்டினியே."

"நான் ஆர்வினுக்குத் தட்டினேன்."

"தெரியும். இன்னும் ஒன்னேமுக்கால் நிமிஷம் இருக்கு, பேசு. குறிப்புல ஏத்திடுவோம்."

மிச்சமிருந்த வாக்கியங்களைப் பார்த்தாள். எல்லாமே 'நீங்கள் முடிவெடுக்கும் முன்' என்று தொடங்கின. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றாள். மஞ்சள் எரிந்தது, பிறகு சிவப்பு எரிந்தது. சிவப்பைப் பார்த்ததும் அவள் வாய் தானாக நன்றி என்றது. அதற்காகத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெளியே ஆர்வின் அவள் கார்க் கண்ணாடியில் விழுந்த பனியைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த கேக் பெட்டி காரின் மேல் இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. என் பேரைத்தான் பாத்தேன்" என்றார்.

நானும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

வீட்டில் கீலி தூங்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மணிக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். ரஸ் சூப்பைச் சூடுபண்ணித் தயாராக வைத்திருந்தான்.

"மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சியா?" என்று சிரித்தபடி கேட்டான்.

டானெட் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. கீலி தாயை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னாள். டானெட் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, மகளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளேயும் அந்தக் கைகள் தட்டத்தான் பார்த்தன.