மண்டபத்தம்மா மைக் பிடித்த கதை

நாடகம் போடுகிறவர்களை நம்பலாம். நாடகத்துக்கு முன்னால் மைக் பிடிக்கிறவர்களை மட்டும் நம்பவே கூடாது. டெக்ஸாஸில் ஆலன் வட்டாரத் தமிழ் மன்றத்துக்காரர்கள் இதை வருஷா வருஷம் பட்டும் திருந்தவில்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரை விலகுவதற்கு முன்னால், நடிக்கிற ஒவ்வொருவருடைய ‘பேக்ரவுண்ட்’டையும் மேடையில் வாசித்தாக வேண்டும். யார், எந்த ஊர், என்ன செய்கிறார் என்று ரெண்டு வரி போதும் என்றுதான் ஆரம்பித்தார்களாம். ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதித் தரச் சொன்னால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? வேலைக்கு அனுப்புகிற ரெஸ்யூமேயை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். நாலாம் வகுப்பு பேச்சுப் போட்டிப் பரிசுகூட அதில் இருக்கும்.

இந்த வருஷ நாடகத்தின் டைரக்டர் அனந்தராமன் வாட்ஸப்பில் எல்லோரிடமும் பேக்ரவுண்ட் கேட்டபோது, இஸ்ரத் சோபாவில் போனை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். ‘பி.எஸ்ஸி. பிசிக்ஸ்’ என்று அடித்தாள். அழித்தாள். ‘ஹோம்மேக்கர்’ என்று அடித்தாள். அதையும் அழித்தாள். புருஷன் ஷாஹுலின் விசாவில் ஒட்டிக்கொண்டு டெக்ஸாஸுக்கு வந்தவள் அவள். வேலைக்குப் போகக் கூடாத விசாவிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதுதான் கிரீன் கார்டு வந்தது. வந்த கையோடு ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். “இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். கேட்டவர் தப்பாகக் கேட்கவில்லைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

“எழுதி அனுப்பலியா?” என்றான் ஷாஹுல்.

“என்னத்த எழுத மச்சான்? எல்லாரும் டாக்டரு, டைரக்டரு, வைஸ் பிரெசிடென்ட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் யாருன்னு எஞ் சீன பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும்.”

அந்த சீன் அப்படிப்பட்ட சீன். ஒரே முகூர்த்தத்தில் ஒரே கல்யாண மண்டபம் ரெண்டு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதில் நடக்கிற அடிதடிதான் நாடகம். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, கடைசி காட்சியில், இடுப்பில் சாவிக்கொத்தோடு மண்டபத்தின் சொந்தக்காரியம்மா வருகிறாள். வந்து ரெண்டு குடும்பத்தையும் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சி, கடைசியில் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறாள். அதுதான் இஸ்ரத்தின் பாகம். தன் சொந்த ஊர் மேலப்பாளையத்துப் பேச்சில் அவள் அதைப் பேசுவதைக் கேட்பதற்காகவே, ஒத்திகையில் தங்கள் வேலை முடிந்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நிற்பார்கள். ஒத்திகை நடந்த மூன்று மாதமும் அவளுக்கு நடை மாறியிருந்தது. கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போதுகூட வாய்க்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

நாடகத்தன்று பள்ளிக்கூட ஆடிட்டோரியம் நிறைந்து வழிந்தது. ஷாஹுலும் மகள் ஃபைஹாவும் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். நிகழ்ச்சி வழக்கம்போல் தாமதம். ஹால் ஒன்பது மணி வரைக்கும்தான். அதைப் பார்த்துக்கொள்கிற பள்ளிக்கூட ஊழியர் ஒருவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். ஆனால் நம்முடைய ஒன்பது மணி பத்தரைக்கு வரும். அவருடைய ஒன்பது மணி ஒன்பதுக்கே வந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

தலைவர் பேசினார். போன வருஷத் தலைவர் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் கிரீஷ் மைக்கைப் பிடித்தான். ஐயோ, கிரீஷ்! தங்கமான பையன்தான். மைக் கிடைத்தால் மட்டும் தீபாவளிக்குச் சட்டை கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிடுவான். கையில் ஒரு கத்தைக் காகிதம் வைத்திருந்தான். முதல் ஆள், சமையல்காரராக நடிக்கும் இருதய டாக்டர் திருமூர்த்தி. அவர் படித்த காலேஜ், வாங்கிய மெடல், எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பு என்று ஒன்று விடாமல் வாசித்தான். ஒவ்வொரு தலைப்பும் வாயில் நுழையாமல் ரெண்டு தடவை வாசித்தான். ஜனங்கள் போனை எடுத்துவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் சமோசாவுக்கு எழுந்து போனார்கள். குழந்தைகள் நடுவழியில் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்தன.

திரைக்குப் பின்னால் அனந்தராமன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் அஞ்சு பேர் பாக்கி. அவன் கையிலேர்ந்து அந்த பேப்பர யாராவது புடுங்குங்களேன்!”

“யாரோடத சார் விடறது?” என்றார் மாப்பிள்ளையின் அப்பாவாக நடிக்கும் வேலுமணி. “ஒருத்தரத வாசிச்சு ஒருத்தரத விட்டா வருத்தப்படுவாங்கல்லங்க?”

அதுவும் உண்மைதான். மனஸ்தாபம் வந்தால் மன்றமே ரெண்டாகிவிடும். அனந்தராமன் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு இஸ்ரத்தின் பக்கம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க இஸ்ரத். கடைசி சீன் போட டைம் இருக்காது. ரெண்டு குடும்பமும் சமாதானம் ஆயிடுச்சுன்னு நானே அனௌன்ஸ் பண்ணி முடிச்சிடறேன். அடுத்த வருஷம் உங்களுக்குப் பெரிய ரோலா தரேன், ப்ராமிஸ்.”

பட்டுச்சேலை கட்டி, முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துச் சொருகி, சாவிக்கொத்தோடு இஸ்ரத் தயாராக நின்றாள். “பரவாயில்ல சார்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எத்தனையோ வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அன்றைக்கு மட்டும் வர மாட்டேன் என்றது. மேடையில் கிரீஷ், டாக்டரின் பன்னிரண்டாவது கட்டுரைக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, மண்டபத்தம்மாவின் கோபம். கால் தானாக நடந்தது. சாவிக்கொத்து சலங்சலங்கென்று ஆட, விடுவிடுவென்று மேடைக்கு நடுவில் போய் நின்றாள்.

“ஏ தம்பி! யாருய்யா நீ? எம் மண்டபத்துல எனக்குத் தெரியாம யாரு உம்ம மைக் புடிக்கச் சொன்னா?”

கிரீஷ் வாயைப் பிளந்தான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இல்ல... பேக்ரவுண்ட்...”

“பேக்ரவுண்டா? அத நாஞ் சொல்லுதேன். இத்தன நாளும் கூடவே கெடந்தவ நானு. மைக்க இப்பிடிக் கொண்டாரும்.”

கிரீஷ் மைக்கைக் கொடுத்துவிட்டான். அவன் தானாக மைக்கைக் கொடுத்தது மன்றத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. ஹால் முழுக்கக் கைதட்டல். பின்வரிசைக்காரர்கள் சமோசாத் தட்டோடு ஓடி வந்தார்கள்.

“ஏ சமையல்காரரே, வெளிய வாரும்!”

டாக்டர் திருமூர்த்தி கரண்டியோடு தயங்கித் தயங்கி வந்தார்.

“இவரு யாருன்னு நெனைக்கிய? இந்த ஊர்ல பாதிப் பேரு நெஞ்சு இவரு கைக்குள்ள போயிட்டு வந்ததுதான். எத்தன உசுரக் காப்பாத்துன கை! ஆனா முதல் ஒத்திகையில வசனம் சொல்லச் சொன்னா, அந்தக் கை வெடவெடன்னு நடுங்குச்சு. அன்னைக்கே ஓடிப்போவாருன்னு நெனச்சேன். ஓடல. நைட் டூட்டி முடிச்சுக் கண்ணு சிவக்கச் சிவக்க வந்து வசனம் படிச்சாரு. அடுத்து யாரு? மாப்பிள்ளைக்கு அப்பா, வேலுமணி. கோயமுத்தூரு. மத்தக் கல்யாணத்துக்காரங்களக் கண்டபடி ஏசணும்னு டைரக்டர் சொன்னா, இவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? ‘ஏனுங்க, நான் கொஞ்சம் கோவமா இருக்கேனுங்க’ம்பாரு. ஏசுறதுக்குப் பழகணும்னு தெனமும் ஃப்ரீவேல கார் கண்ணாடிய ஏத்திட்டுக் கத்திட்டே போனாரு. பக்கத்துக் கார்க்காரன் பயந்து லேன் மாத்திட்டான்!”

வேலுமணியின் மனைவி சிரித்த சிரிப்பு மேடை வரைக்கும் கேட்டது.

“ஏட்டி கல்யாணப் பொண்ணு, வா இங்க. இது ஸ்ம்ருதி. டாலஸ்ல பொறந்த பிள்ள. தமிழ் வசனம் பூராவும் இங்கிலீஷ் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ணா. வெக்கப்படணும் தாயின்னு சொன்னா, ‘ஒய் ஆன்ட்டி?’ன்னு கேட்டா. எங்க யாருக்கும் பதில் தெரியல. அதனால வெக்கத்தயே நாடகத்துலேந்து எடுத்துட்டோம்.”

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். ஸ்ம்ருதி அப்போதுதான் நிஜமாகவே வெட்கப்பட்டாள். மீதி ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம். கடைசியாகத் திரையோரம் ஒளிந்திருந்த அனந்தராமனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“இவருதான் எங்க டைரக்டரு. நாங்க ஒத்திகை பாக்கணும்னு மூணு மாசமா புதுக் கார வெளிய விட்டுட்டு கராஜ எங்களுக்குக் குடுத்தாரு. ஆலங்கட்டி மழ அடிச்சுதே, அன்னைக்கும் நாங்க உள்ள வசனம் பேசிட்டுக் கெடந்தோம். காரு வெளிய அம்மத் தழும்பு கணக்கா ஆயிட்டு. மனுசன் ஒரு வார்த்த சொல்லணுமே? ‘நெக்ஸ்ட் சீன்’னாரு!”

அனந்தராமனின் மனைவி மீனாக்ஷிக்கு அந்தக் கார் விஷயத்தில் இருந்த ஆத்திரம் அன்றைக்குத்தான் சிரிப்பாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள்.

“பேசுனது போதும். ரெண்டு கல்யாணம், ஒரே முகூர்த்தம், ஒத்த மண்டபம். என்ன கூத்து நடக்கப்போவுதுன்னு நீங்களே பாருங்க. நான் கடேசில வாரேன்!”

அந்தக் கடைசி வார்த்தையை அனந்தராமனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? ஆறு பேருக்குமாகச் சேர்த்து, டாக்டர் ஒருவருக்கு மட்டும் கிரீஷ் எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை.

திரை விலகியது. ஏற்கெனவே எல்லோரையும் சொந்தக்காரர்கள் மாதிரி தெரிந்துவிட்டதால், ஜனங்கள் முதல் வசனத்திலிருந்தே சிரித்தார்கள். வேலுமணி எதிர்க் குடும்பத்தை ஏசினார் பாருங்கள், கோயம்புத்தூரே அதிர்ந்திருக்கும். டாக்டரின் கரண்டி நடுங்கவே இல்லை.

கடைசி காட்சிக்கு இஸ்ரத் நுழைந்தபோது, வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கைதட்டல் எழுந்தது. அவள் காத்திருந்தாள். சத்தம் அடங்கட்டும் என்று சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பேசினாள். சிரிக்க வைத்தாள். “இலை போட்டாச்சு, சண்டைய எந்திரிச்ச பெறகு போட்டுக்கிடலாம்” என்று ரெண்டு குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தபோது, ஹாலில் நிறையப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். சந்தோஷத்தில் அவளுக்கு உள்ளங்கால் கூசியது. இதற்காகத்தானே, இந்தச் சில நிமிஷத்துக்காகத்தானே!

நாடகம் முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். ஒன்பது அடிக்கச் சிறிது நேரம்தான் இருந்தது. பள்ளிக்கூட ஊழியர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். கிரீஷ் மறுபடி மைக்கோடு வந்தான். இந்தத் தடவை கையில் காகிதம் இல்லை.

“எல்லாரோட பேக்ரவுண்டும் சொல்லிட்டாங்க. இவங்களோடது மட்டும் எங்கிட்ட இல்ல. மேடம், நீங்க யாரு?” என்று மைக்கை அவளிடம் நீட்டினான்.

இஸ்ரத் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஃபைஹா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஷாஹுல் அவளை இறங்கச் சொல்லவில்லை. டிகிரி, விசா, வேலையில்லாத வருஷங்கள் எல்லாம் ஒரு நொடி நாக்கு நுனி வரைக்கும் வந்தன. வந்த வழியே திரும்பிப் போயின.

“எம் பேரு இஸ்ரத். ஊரு மேலப்பாளையம்” என்றாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் நடிகை.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அத்தனை பேர் இருந்த ஹாலில், அப்படியில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.